புள்ளி எடுக்க முடியாத ஆட்டக்காரர்: பிலிப்பைன்ஸ் மகளிர் கைப்பந்தில் லிபரோவின் இடம்

2018ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான யு.ஏ.ஏ.பி. போட்டியின் மகளிர் கைப்பந்து இறுதியில் டி லா சால் பல்கலைக்கழக அணி ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக அணியை இரண்டு ஆட்டங்களிலும் வென்று, தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் பெற்றது. அந்த இறுதியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது டான் மகாண்டிலி என்பவருக்குப் போனது. அவர் வெற்றிப் புள்ளிகளைக் குவித்த ஸ்மாஷரும் இல்லை, பந்தைத் தூக்கிக் கொடுத்த செட்டரும் இல்லை. ஆட்ட விதிகளின்படி ஸ்மாஷ் அடிக்கவும் பிளாக் செய்யவும் (அதாவது வலையருகே கைகளை உயர்த்தி எதிரணியின் அடியைத் தடுக்கவும்) சர்வீஸ் போடவும் உரிமை இல்லாத, பின்வரிசைத் தற்காப்புக்கென்றே உள்ள லிபரோ அவர். யு.ஏ.ஏ.பி. இறுதியில் ஒரு லிபரோ இவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அதே பருவத்தில், தொடர் முழுவதற்குமான சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் நேஷனல் பல்கலைக்கழகத்தின் ஜாஜா சாந்தியாகோ. ஏறத்தாழ ஆறடி ஐந்தங்குல உயரம் கொண்டவர். மகாண்டிலியின் உயரம் ஐந்தடியை ஒட்டியது. மகளிர் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர், அவர் நின்றபடி கையை முழுவதும் உயர்த்தினாலும் அதன் மேல்விளிம்பை எட்டாது.

புள்ளி எடுக்கும் வழிகள் அனைத்தும் அடைக்கப்பட்ட ஒருவர் இறுதிப் போட்டியின் நாயகியாக எப்படி ஆக முடியும் என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், கைப்பந்தின் பாதி ஆட்டம் புரிந்துவிடும். அந்த விடையைத்தான் இக்கட்டுரை, ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக, மகாண்டிலியின் விளையாட்டு வாழ்க்கையைத் துணையாகக் கொண்டு விளக்க முயல்கிறது.

முதலில் களத்தைப் பார்ப்போம். கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது, நடுவில் வலை. ஒவ்வொரு அணியின் பாதியிலும் வலையிலிருந்து மூன்று மீட்டர் தொலைவில் ஒரு கோடு உண்டு. அக்கோட்டுக்கு முன்னால் இருப்பது முன்களம், பின்னால் இருப்பது பின்களம். ஆறு பேர் ஆடுவார்கள். மூவர் முன்வரிசை, மூவர் பின்வரிசை. எதிரணியின் சர்வீஸில் புள்ளியை வென்று சர்வீஸ் உரிமையைப் பெறும் ஒவ்வொரு முறையும் அணியினர் கடிகார முள் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். எனவே எவ்வளவு உயரமான ஆட்டக்காரராக இருந்தாலும், வலையருகே தன் வேலையை முடித்துவிட்டுப் பின்வரிசைக்கும் வந்துதான் ஆக வேண்டும். அங்கே வலை இல்லை, உயரத்துக்கும் பெரிய பயன் இல்லை. தரையை நோக்கி வரும் பந்தை முழங்காலுக்குக் கீழே குனிந்து எடுக்க வேண்டும். ஆறடிக்கு மேற்பட்டவர்களில் பலருக்கு இது கடினமான வேலை.

1990களில் சர்வதேசக் கைப்பந்து இந்தச் சிக்கலைத்தான் எதிர்கொண்டது. ஆட்டக்காரர்களின் உயரமும் வலிமையும் கூடக் கூட, சர்வீஸும் ஸ்மாஷும் தடுக்க முடியாதவையாக மாறின. ஒருவர் அடிப்பார், பந்து தரையில் விழும், ஆட்டம் முடியும். பந்து வலைக்கு இருபுறமும் பலமுறை போய் வரும் நீண்ட ராலிகள்தான் பார்வையாளர்களை இருக்கை நுனிக்குக் கொண்டுவருபவை. அவை அருகத் தொடங்கின. சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்த பிறகு, சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1998இல் லிபரோ என்ற தனிப் பொறுப்பை விதிகளில் சேர்த்தது. ஒலிம்பிக்கில் லிபரோக்கள் முதன்முதலாக ஆடியது 2000ஆம் ஆண்டு சிட்னியில். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் இடையே குலைந்திருந்த சமநிலையை மீட்பதே நோக்கம். அதில் ஒரு துணைப்பயனும் கிடைத்தது: உயரம் குறைந்த, ஆனால் கண்ணும் காலும் கூர்மையான ஆட்டக்காரர்களுக்கு உயர்நிலைக் கைப்பந்தில் ஒரு நிரந்தர இடம் உருவானது.

லிபரோவைக் களத்தில் அடையாளம் காண்பது எளிது. மற்ற ஐவரின் சீருடையிலிருந்து மாறுபட்ட நிறத்தில் அவர் சட்டை அணிந்திருப்பார். அவர் பின்வரிசை ஆட்டக்காரருக்கு மாற்றாக மட்டுமே உள்ளே வரலாம். சர்வதேச விதிகளின்படி அவர் சர்வீஸ் போடக்கூடாது. பிளாக் செய்யவோ அதற்கு முயலவோ கூடாது. பந்து முழுவதும் வலையின் மேல்விளிம்புக்கு மேலே இருக்கும்போது, களத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் அதை எதிரணியின் பக்கம் அனுப்பக்கூடாது. கண்டிப்பாகச் சொன்னால், அவர் குனிந்து எடுத்த பந்து தவறி வலையைத் தாண்டிப்போய் எதிரணியின் காலடியில் விழுந்துவிட்டால் அதுவும் புள்ளிதான். அது அரிதாக வாய்க்கும் அதிர்ஷ்டமே தவிர அவருடைய வேலை அன்று.

இன்னொரு கட்டுப்பாடு புதியவர்களை அடிக்கடி குழப்பும். செட்டரே முதல் பந்தை எடுக்க நேர்ந்தால், இரண்டாவது தொடுகையில் ஸ்மாஷருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் லிபரோவிடம் வரும். அப்போது அவர் முன்களத்தில் நின்றுகொண்டு விரல்களால் தலைக்கு மேலே பந்தைத் தள்ளிக் கொடுத்தால், சக ஆட்டக்காரர் அதை வலையின் உயரத்துக்கு மேலே வைத்து ஸ்மாஷ் அடிக்கக்கூடாது. அதே பந்தை மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து கொடுத்தால் தடையில்லை. முன்களத்தில் நின்றே முன்கைகளால் தட்டிக் கொடுத்தாலும் தடையில்லை. ஆகவே தேர்ந்த லிபரோ ஒருவர் கோட்டுக்குப் பின்னால் காலை ஊன்றி எம்பி, உடல் முன்களத்தின் மேலே காற்றில் இருக்கும்போது விரல்களால் பந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கோட்டுக்கு முன்னால் தரையிறங்குவார். கால் எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் கணக்கு. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், தரையைப் பார்க்காமல், தன் கால் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும்.

லிபரோ யாருக்கு மாற்றாக வருகிறார் என்பதையும் பார்த்துவிடலாம். அணியில் மிக உயரமானவர்கள் பொதுவாக இரண்டு மிடில் பிளாக்கர்கள். அவர்கள் சுழற்சியில் ஒருவருக்கொருவர் நேர் எதிரே நிற்பதால், ஒருவர் முன்வரிசையில் இருக்கும்போது மற்றவர் பின்வரிசையில் இருப்பார். பின்வரிசையில் இருப்பவருக்குப் பதிலாக லிபரோ ஆடுவார். முதல் மிடில் பிளாக்கர் சுழன்று வந்து சர்வீஸ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அணி அந்தச் சர்வீஸை இழந்ததும் அவர் வெளியேறுவார், லிபரோ அவருடைய இடத்தில் நுழைவார். பின்களத்தின் வலது, நடு, இடது என மூன்று இடங்களையும் கடக்கும்வரை அவர் களத்தில் இருப்பார். அடுத்த சுழற்சியில் அந்த இடம் முன்வரிசைக்குப் போகும். அப்போது மிடில் பிளாக்கர் திரும்பி உள்ளே வர, லிபரோ வெளியேறுவார். அதே சுழற்சியில் இரண்டாவது மிடில் பிளாக்கர் சர்வீஸ் போட வந்திருப்பார். அவர் சர்வீஸை இழந்ததும் லிபரோ மீண்டும் உள்ளே. இந்த மாற்றங்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இரண்டு மாற்றங்களுக்கு இடையே ஒரு ராலியாவது நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதும், மூன்று மீட்டர் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் இடைப்பட்ட பக்கவாட்டுக் கோட்டின் வழியாகவே நுழைந்து வெளியேற வேண்டும் என்பதும் மட்டுமே நிபந்தனை. தொலைக்காட்சியில் பார்க்கும்போது, வேறு நிறச் சட்டை அணிந்த ஒருவர் ஓயாமல் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

தற்காப்புச் சிறப்பாட்டக்காரர் என்று அழைக்கப்படும் இன்னொரு பொறுப்போடு லிபரோவைச் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. இருவரும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை. வேறுபாடு விதியில் இருக்கிறது. தற்காப்புச் சிறப்பாட்டக்காரர் மற்றவர்களைப் போன்ற சீருடையில், வழக்கமான மாற்று ஆட்டக்காரராகவே வருவார். அவர் சர்வீஸ் போடலாம். சுழன்று முன்வரிசைக்கு வந்தால் பிளாக்கும் செய்யலாம். ஆனால் அவருடைய வருகை ஒவ்வொன்றும் மாற்று எண்ணிக்கையில் கழியும். சர்வதேச விதிகளில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றங்கள்தாம் உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அதைவிட அதிகமான மாற்றங்களுக்கு இடம் உண்டு என்பதால், அங்கே இப்பொறுப்பு செழிக்கிறது. பிலிப்பைன்ஸில் கல்லூரி ஆட்டமும் சர்வதேச விதிகளைத் தழுவியே நடப்பதால், ஒரு செட்டின் நெருக்கடியான கட்டத்தில் ஓரிரு சர்வீஸுக்கு மட்டும் இவ்வகை ஆட்டக்காரர் எட்டிப்பார்ப்பார். தற்காப்பின் முழுச் சுமையும் லிபரோவின் தோளில்தான்.

அந்தச் சுமையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சர்வீஸை வாங்குவது; மற்றொன்று ஸ்மாஷை எடுப்பது, அதாவது டிக். பார்வையாளர்கள் கைதட்டுவது இரண்டாவதற்கு. பயிற்சியாளர்கள் தூக்கம் கெடுவது முதலாவதால்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் ஒரு ஜம்ப் சர்வீஸ் களத்தின் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகும். சுழலே இல்லாமல் மிதந்து வரும் சர்வீஸ் இன்னும் தொல்லையானது. வேகம் குறைவு என்றாலும் கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் அசையும் என்று சொல்ல முடியாது. வாங்குபவர் பந்து வரும் பாதையைக் கணித்து, அதன் பின்னால் போய்ச் சேர்ந்து, முழங்கைகளை மடக்காமல் முன்கைகளை இணைத்து ஒரு பலகைபோல் வைத்து, அதன் சாய்கோணத்தாலேயே பந்தைச் செட்டரிடம் திருப்ப வேண்டும். கையை வீசித் தட்டினால் பந்து பறந்துவிடும். பந்து செட்டரின் தலைக்கு மேலே, வலையருகே மெதுவாக இறங்கினால், செட்டருக்கு எல்லா வழிகளும் திறந்திருக்கும்: நடுவில் வேகமான தாக்குதல், இடப்பக்கம், வலப்பக்கம், பின்வரிசையிலிருந்து ஓர் அடி என எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், எதிரணியின் பிளாக்கர்களுக்கு ஊகிக்கவே நேரமிருக்காது. பந்து மூன்று மீட்டர் கோட்டருகே விழுந்தால் நடுத்தாக்குதல் கைவிட்டுப் போகும். செட்டர் ஓடிப்போய் எடுக்கும்படி ஆனால் உயரமாகப் பக்கவாட்டுக்குக் கொடுப்பது ஒன்றே மிஞ்சும். அங்கே இரண்டு அல்லது மூன்று பிளாக்கர்கள் ஏற்கெனவே காத்துக்கொண்டிருப்பார்கள். அணிகள் ஒவ்வொரு வாங்குதலுக்கும் மூன்றிலிருந்து பூஜ்யம் வரை மதிப்பெண் போட்டுக் குறித்துக்கொள்வது இக்காரணத்தால்தான். செட்டர் விரும்பியதைச் செய்யலாம் என்றால் மூன்று. பந்து தரையில் விழுந்துவிட்டால் பூஜ்யம்.

ஸ்மாஷர் எடுத்த புள்ளி அவருடைய கணக்கில் சேரும். அப்புள்ளிக்கு வழி திறந்த முதல் தொடுகை பெரிய எழுத்தில் எங்கும் பதியாது. இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது, அதைப் புள்ளிவிவரத்தைக் கொண்டு காட்டவே முடியாது. நல்ல லிபரோ இருக்கும் அணியை எதிர்கொள்ளும்போது எதிரணியினர் அவரிடம் சர்வீஸ் போட மாட்டார்கள். அவர் நிற்கும் இடத்தைத் தவிர்த்து, மற்ற இரண்டு வாங்குபவர்களைக் குறிவைப்பார்கள். அதற்குப் பதிலாக லிபரோ தன் எல்லையை விரித்து, களத்தில் ஏறத்தாழ பாதியைத் தானே பொறுப்பேற்றுக்கொள்வார். மற்ற இருவருக்கும் மிஞ்சுவது குறுகலான பரப்பு. அப்போது அவர்கள் அடிப்பதில் மனத்தைச் செலுத்தலாம். ஆக, பந்து தன்னிடம் வராத ராலியிலும் லிபரோ தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். எண்களை மட்டும் பார்த்து லிபரோக்களை ஒப்பிடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

டிக் வேறு வகையான திறமை. எதிரணி ஸ்மாஷர் மேலெழும்போது முன்வரிசையினர் இருவர் பிளாக் போடுவார்கள். அவர்களுடைய கைகள் களத்தின் ஒரு பகுதியை மறைக்கும். மறைக்காத பகுதியில், பெரும்பாலும் குறுக்குத் திசையில், லிபரோ நிற்பார். எனவே நல்ல டிக் என்பது பாதி பிளாக்கர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். மீதிப் பாதி வாசிப்பு: செட்டர் பந்தை வலையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கொடுத்தார், ஸ்மாஷரின் தோள் எந்தப் பக்கம் திறக்கிறது, அவர் ஓடி வந்த கோணம் என்ன, முழு வேகத்தில் கை வருகிறதா அல்லது கடைசி நேரத்தில் தளர்ந்து மெதுவாகத் தட்டிவிடப் போகிறாரா என்பதையெல்லாம் பந்தில் கை படும் முன்பே பார்த்துவிட வேண்டும். கை படும் அந்தக் கணத்தில் லிபரோவின் கால்கள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. தாழ்ந்து, இரு பாதங்களின் முன்பகுதியில் எடையை வைத்து, அசையாமல் இருந்தால்தான் எந்தத் திசையிலும் பாய முடியும். எட்டவே எட்டாத பந்துக்குக் கடைசி வழி ஒன்று உண்டு. முன்னால் பாய்ந்து, உள்ளங்கையைத் தரையோடு தட்டையாக அழுத்தி நீட்டினால், தரைக்கும் பந்துக்கும் இடையே கை நுழைந்துவிடும். பந்து புறங்கையில் பட்டு ஒரு சாண், இரண்டு சாண் எழும்பும். சக ஆட்டக்காரர் அதை எடுக்க அது போதும். நடுவர் கண்ணுக்குப் பந்து தரையில் பட்டதா கையில் பட்டதா என்பதே தெரியாத அளவுக்கு மெல்லிய இடைவெளி அது.

இப்போது பிலிப்பைன்ஸுக்கு வருவோம். அந்நாட்டுக்குக் கைப்பந்து வந்தது 1910இல், மணிலாவில் ஒய்.எம்.சி.ஏ. பணியில் இருந்த அமெரிக்கரான எல்வுட் பிரவுன் வழியாக. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அங்குள்ள ஆட்டக்காரர்கள் ஒருவர் பந்தை உயர்த்திக் கொடுக்க இன்னொருவர் ஓங்கி அடிக்கும் முறையை உருவாக்கினார்கள். உலகம் இன்று ஆடும் செட், ஸ்மாஷ் முறையின் பிறப்பிடம் பிலிப்பைன்ஸ் என்றே கைப்பந்தின் வரலாறு குறிப்பிடுகிறது. அந்த அடிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘போம்பா’. தாக்குதலைக் கண்டுபிடித்த நாட்டின் மகளிர் அணிக்குப் பிற்காலத்தில் தாக்குதலிலேயே பற்றாக்குறை ஏற்பட்டது. தாய்லாந்தின் வேகமான கூட்டாட்டத்துக்கும், சீனா, கஜகஸ்தான் போன்ற அணிகளின் உயரத்துக்கும் அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர்கள் கடைசியாகத் தங்கம் வென்றது 1993இல்; 2005இல் வெண்கலம் வென்ற பிறகு ஒரு பத்தாண்டு காலம் அப்போட்டியில் மகளிர் அணி ஆடவே இல்லை. 2015இல் சிங்கப்பூரில்தான் திரும்பி வந்தார்கள்.

ஆனால் உள்நாட்டில் நிலைமை நேர்மாறு. கூடைப்பந்து வெறி பிடித்த அந்நாட்டில் அதற்கு இணையாக அரங்கத்தை நிரப்பும் ஆட்டம் மகளிர் கைப்பந்துதான். அதன் ஊற்று யு.ஏ.ஏ.பி. என்ற பல்கலைக்கழகப் போட்டி. குறிப்பாக அதெனியோ, டி லா சால் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களின் நெடுநாள் பகை. 2014இல் டி லா சால் தகுதிச்சுற்றின் 14 ஆட்டங்களிலும் தோற்காமல் இறுதிக்கு வந்து, அதனால் கிடைத்த கூடுதல் சலுகையோடு ஆடியும், அதெனியோ அவர்களை வீழ்த்தித் தன் முதல் பட்டத்தைப் பெற்றது. தாய்லாந்துப் பயிற்சியாளர் அனுசோர்ன் பண்டிட்டின் கீழ் ஆடிய அந்த அணியில் எல்லோரும் பார்த்தது ஸ்மாஷர் அலிசா வால்டெஸை. அவருக்குப் பின்னால் எதிரணியின் அடிகளை எடுத்துக்கொண்டிருந்தவர் லிபரோ டென்டென் லசாரோ. பிலிப்பைன்ஸ் ரசிகர்கள் லிபரோவின் பெயரைச் சொல்லிக் கூச்சலிடத் தொடங்கிய காலம் அதுவே என்று சொல்லலாம். 2015இல் அதெனியோ ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் மீண்டும் பட்டம் வென்றது.

மகாண்டிலி இதற்கு எதிர்முகாமில் வளர்ந்தவர். மணிலாவுக்குத் தெற்கே பட்டாங்காஸ் மாகாணத்தின் தனாவான் நகரைச் சேர்ந்த அவர், டி லா சாலில் ரமில் டி ஹெசூஸ் என்ற பயிற்சியாளரிடம் பயின்றார். 1990களின் இறுதியிலிருந்து அந்த அணியைக் கட்டியெழுப்பிய ரமில் டி ஹெசூஸின் முறையில் பகட்டுக்கு இடமில்லை. சர்வீஸ் வாங்குவதும் பிளாக்கும் டிக்கும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்த வேண்டும் என்பதே அதன் அடிப்படை. லிபரோவுக்கு இதைவிட நல்ல பள்ளி கிடைப்பது அரிது. 2016இல் அதெனியோவின் மூன்றாவது தொடர்பட்டக் கனவை டி லா சால் மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதியில் முறியடித்தது. 2017இல் அதே எதிரியை நேர் ஆட்டங்களில் வென்றது. 2018இல் நடந்ததை முதலில் பார்த்தோம்.

ஸ்மாஷர்கள் நிறைந்த ஓர் அணியில் விருதை லிபரோவுக்குக் கொடுத்ததைப் பரிவுணர்ச்சியாகக் கருதத் தேவையில்லை. ஃபார் ஈஸ்டர்ன் அணியின் தலைவரான பெர்னடெத் போன்ஸ் வேகமும் சாமர்த்தியமும் உள்ள ஸ்மாஷர். அப்படிப்பட்டவர் தன் சிறந்த அடி மீண்டும் மீண்டும் எழுந்து வருவதைப் பார்த்தால், அடுத்த அடியை இன்னும் ஓரத்துக்கு, இன்னும் கோட்டருகே குறிவைக்கத் தொடங்குவார். கோட்டருகே குறிவைக்கும் அடிகளில் சில வெளியே போகும், சில வலையில் மாட்டும். அவை எதிரணியின் தவறுகள் என்று குறிக்கப்படுமே ஒழிய, லிபரோவின் கணக்கில் வராது. கிரிக்கெட்டில் நல்ல ஃபீல்டர் நிற்கும் பக்கம் மட்டையாளர் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடத் தயங்குவதைப் போன்றது இது. தடுக்கப்பட்ட ஓட்டம் பலகையில் ஏறாது.

மகாண்டிலியின் பெயர் நாட்டுக்கு வெளியே தெரியவந்தது 2017 ஆகஸ்டில். ஆசிய மகளிர் கைப்பந்துப் போட்டி அவ்வாண்டு பிலிப்பைன்ஸில், லகூனா மாகாணத்தின் பின்யான் நகரை மையமாகக் கொண்டு நடந்தது. ஜப்பான், தாய்லாந்து, தென் கொரியா, சீனா போன்றவை பங்கேற்ற அப்போட்டியில் சொந்த நாட்டு அணி எட்டாம் இடத்தைத்தான் பெற்றது. ஆனால் தனிவிருதுகளில் இரண்டாவது சிறந்த லிபரோ என்பது மகாண்டிலிக்குக் கிடைத்தது. அதன் பிறகு உள்நாட்டு ஊடகங்கள் அவர் பெயரோடு அந்த அடைமொழியைச் சேர்த்தே எழுதிவந்தன. தோற்கும் அணியின் லிபரோவுக்கு வேலை அதிகம், ஆகவே எண்ணிக்கையும் அதிகம் என்று ஒருவர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் ஆசியாவின் முதல்வரிசை ஸ்மாஷர்கள் அடித்த பந்துகளை எடுத்த திறமை அந்த வாதத்தால் குறைந்துவிடாது. அணியின் உயரக் குறைபாடு வலையருகே அவர்களைத் தண்டித்தது. பின்களத்தில் அது பொருட்டே அல்ல என்பதை அந்த விருது காட்டியது.

கல்லூரிக்குப் பின் அவருடைய பாதை பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்கள் பலரின் பாதையே. அங்கே தொழில்முறை அணிகள் நகரங்களுக்கு உரியவை அல்ல, நிறுவனங்களுக்கு உரியவை. சரக்குப் போக்குவரத்து நிறுவனமான எஃப்2 லாஜிஸ்டிக்ஸின் அணியில் டி லா சாலின் முன்னாள் மாணவிகள் பலரும் பயிற்சியாளர் ரமில் டி ஹெசூஸும் ஒன்றுசேர்ந்திருந்தனர். மகாண்டிலியும் அங்கே ஆடி, பிலிப்பைன் சூப்பர் லிகாவில் பட்டங்கள் வென்றார். அந்த லீக் முடிவுக்கு வந்தபின் அணி பிரீமியர் வாலிபால் லீகுக்கு மாறியது. 2023இன் முடிவில் நிறுவனம் அணியையே கலைத்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் முடிவால் ஒரே நாளில் முழு அணியும் வேலை தேட வேண்டிவரும் ஏற்பாடு அது. அதே டிசம்பரில்தான் மணிலா பெருநகரின் அரனேட்டா அரங்கில் அந்த லீகின் இறுதி ஆட்டமொன்றை 24,000க்கும் மேற்பட்டோர் கண்டனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ரசிகர் கூட்டத்துக்கும் ஆட்டக்காரரின் பணிப் பாதுகாப்புக்கும் அங்கே பெரிய தொடர்பில்லை என்று தெரியும். திருமணத்துக்குப் பின் மகாண்டிலி-கடிண்டிக் என்ற பெயரில் ஆடத் தொடங்கியிருந்த அவர், 2024இல் சிக்னல் அணியில் சேர்ந்தார். லிபரோவின் முழங்காலும் இடுப்பும் தரையில் படுவதற்குக் கணக்கே இல்லை; ஆனால் ஸ்மாஷர்களைப் போல ஓயாமல் உயரக் குதித்து இறங்கும் தேவை இல்லாததால், முப்பதை நெருங்கும் வயதிலும் இப்பொறுப்பில் உயர்நிலையில் நீடிக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல், வாசிப்பு என்று முன்னர் சொன்ன திறமை ஆண்டுக்கு ஆண்டு கூடுமே தவிரக் குறையாது.

2024 மே மாதம் மணிலாவின் ரிசால் நினைவு அரங்கில் ஆசியக் கூட்டமைப்பின் சேலஞ்ச் கோப்பை நடந்தது. அலாஸ் பிலிபினாஸ் என்ற புதுப்பெயரோடு, பிரேசில் நாட்டுப் பயிற்சியாளர் ஜோர்ஜ் சோசா டி பிரிட்டோவின் கீழ் களமிறங்கிய தேசிய அணி, அரையிறுதியில் கஜகஸ்தானிடம் தோற்று, ஆஸ்திரேலியாவை வென்று வெண்கலம் பெற்றது. அந்த அணியில் இரண்டு லிபரோக்கள் இருந்தனர்: மகாண்டிலி-கடிண்டிக், மற்றும் நேஷனல் பல்கலைக்கழக அணியின் முன்னாள் ஆட்டக்காரரான ஜென் நியெர்வா. விதிகள் ஓர் அணிக்கு இரண்டு லிபரோக்கள் வரை அனுமதிக்கின்றன; ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் களத்தில் இருக்கலாம். பல பயிற்சியாளர்கள் எதிரணி சர்வீஸ் போடும்போது வாங்குவதில் வல்லவரையும், தம் அணி சர்வீஸ் போடும்போது டிக்கில் வல்லவரையும் மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஒருவரே இரண்டிலும் வல்லவராக இருந்தால் மற்றவர் காயத்துக்கும் களைப்புக்கும் காப்பாக வெளியே காத்திருப்பார். மறு ஆண்டு ஹனோயில் நடந்த நேஷன்ஸ் கோப்பையில் இதே தேசிய அணி வெள்ளி வரை முன்னேறியது.

நியெர்வா வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 2022இல் நேஷனல் பல்கலைக்கழகம் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் யு.ஏ.ஏ.பி. பட்டம் வென்று, 65 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக்கொண்டபோது அதன் லிபரோ அவர்தான். லசாரோ, மகாண்டிலி, நியெர்வா என்று பார்த்தால், 2014 முதல் அங்கே பட்டம் வென்ற கல்லூரி அணிகளில் பலவற்றின் பின்களத்தில், பின்னர் தேசிய அணிக்கு ஆடிய ஒரு லிபரோ இருந்திருக்கிறார்.

இப்பொறுப்பின் மீதான பார்வை மாறியதற்கு விதிகளிலேயே ஒரு சான்று உண்டு. நீண்ட காலம், லிபரோ அணித்தலைவராக இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. களத்துக்குள் அடிக்கடி வந்துபோகும் ஒருவர் நடுவரோடு பேசும் பொறுப்பை எப்படி வகிப்பார் என்பது அதன் தர்க்கம். 2021இல் நடைமுறைக்கு வந்த விதிகள் அத்தடையை நீக்கின. சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழக அணி அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி டெட்டெட் பெபிடோவைத் தலைவராக்கியது. அவரும் உயரம் குறைந்த லிபரோதான். மிடில் பிளாக்கர் சர்வீஸ் போடும் நேரங்களில் அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பார். அப்போது களத்தில் இருக்கும் இன்னொருவர் தற்காலிகத் தலைவராக நடுவரிடம் பேசுவார். சர்வீஸ் கைமாறியதும் பெபிடோ ஓடி உள்ளே நுழைந்து பொறுப்பைத் திரும்ப ஏற்றுக்கொள்வார்.